படைக்கல உரிமமும் பிறமொழிப் படிவமும்

ஓர் ஆட்சி தன் குடிமக்களை நம்புகின்றதா, ஐயுறுகின்றதா என்பதை அதன் படைக்கலச் சட்டம் காட்டும். அம்மக்களை அது மதிக்கின்றதா, புறக்கணிக்கின்றதா என்பதை அச்சட்டம் பேசும் மொழி காட்டும். துமுக்கி (துப்பாக்கி) உரிமம் என்பது செல்வர் சிலரின் சிக்கல் என்று கருதி ஒதுக்குவோர், இவ்விரண்டாம் அளவுகோலை எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழனின் கையிலிருந்து படைக்கலம் பறிக்கப்பட்ட வரலாறு நெடியது. 1799-இல் கட்டபொம்மனும் 1801 அக்டோபரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு திசம்பரிலேயே, தென்பாண்டிச் சீமையின் பாளையக்காரரும் சேர்வைக்காரரும் படைக்கலம் ஏந்துவதைத் தடுத்துக் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ஆளுநர் அறிக்கை விடுத்தார். பின்னர் 1878-இல், இலிட்டன் என்னும் ஆங்கிலத் தலைமை ஆளுநரின் ஆட்சியில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று இந்தியப் படைக்கலச் சட்டம். மற்றொன்று தாய்மொழி இதழ்களின் வாய்ப்பூட்டுச் சட்டம். கையையும் நாவையும் ஒரே ஆண்டில் கட்டினர்! படைக்கலத் தடையிலிருந்து வெள்ளையர்க்கு விலக்கு. வாய்ப்பூட்டிலிருந்து ஆங்கில இதழ்களுக்கு மட்டும் விலக்கு. நாவின் கட்டு 1882-இல் அவிழ்ந்தது. கையின் கட்டோ விடுதலைக்குப் பின்னரும் 1959-ஆம் ஆண்டுச் சட்டமாக உருமாறித் தொடர்கின்றது.

படைக்கலங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. ஆனால், கட்டுப்படுத்தும் சட்டம் கட்டுப்படுவோனுக்கு விளங்க வேண்டாவா? படைக்கலம் என்பது நடுவணரசின் பட்டியலில் அடங்கிய பொருள். 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளும் அவற்றோடிணைந்த படிவங்களும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வெளிவந்தன. தமிழுக்கு அங்கே இடமில்லை. தமிழே ஆட்சிமொழி என 1956-இல் சட்டமியற்றிய நாட்டில், தமிழன் நிரப்பும் உரிமப் படிவம் பிறமொழியில் இருக்கின்றது.

இதன் விளைவைக் காணத் தொலைவு செல்ல வேண்டா. பள்ளிக்கரணையைப் பார்த்தாலே போதும். வயலும் சதுப்பும் சூழ்ந்த சிற்றூராயிருந்த அவ்வூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; 2022 சனவரி முதல் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் உள்ளது. சதுப்பு 2007-இல் காப்புக்காடாயிற்று; 2022-இல் இராம்சார் பட்டியலிலும் ஏறியது. வயல்கள் மனைகளாயின. பயிர்க்காப்பிற்கென வாய்வழி மருந்திடும் துமுக்கிக்கு உரிமம் பெற 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வழி செய்கின்றது. ஆனால், காக்கப் பயிரே இல்லாத ஊரில் அக்கரணியம் நிற்குமா?

இத்தகைய ஊரில், பாட்டன் உரிமம் பெற்று வைத்திருந்த பழந்துமுக்கி ஒன்று பரணில் கிடப்பதாகக் கொள்வோம். பாட்டன் இறந்ததும் அவ்வுரிமம் பெயரனைச் சேர்வதில்லை. அவன் மரபுரிமையாளன் என்ற வகையில் புதிதாக வேண்டுதல் வேண்டும்; இல்லையேல், 21-ஆம் பிரிவின்படிக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். இரண்டும் செய்யாமல் அவன் வாளாவிருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஈராண்டு முதல் ஐயாண்டு வரை சிறை! உரிமமின்றிச் செய்வோர்க்கோ ஏழாண்டு முதல் வாழ்நாள் சிறை! இவ்வளவு கடுமையான சட்டத்தை எந்தத் தமிழ்த் தாளில் அவன் படித்தறிவது?

புதிதாக உரிமம் வேண்டுவோன் 'ஏ-1' என்னும் படிவத்தை நிரப்ப வேண்டும். அடையாளச் சான்று, உடல்நலமும் மனநலமும் உரைக்கும் மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, வீட்டில் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியன கேட்கப்படுகின்றன. இவை அனைத்தும் தேவையானவையே. மறுத்தால் அதற்குரிய கரணியத்தை எழுத்திற் பதிய வேண்டும்; முறையீடு செய்ய 18-ஆம் பிரிவு உண்டு. ஆனால், புரியாத மொழியில் உறுதிமொழி தருபவன் எதை உறுதி செய்கின்றான்? கையொப்பத்தை மட்டுமே! பின்னர் இடைத்தரகன் நுழைகின்றான். பணமும் நாளும் கரைகின்றன.

இதனால் பெரிதும் நலிவோர் நரிக்குறவர் போன்ற எளிய மக்களே. நாட்டுத் துமுக்கியும் பறவை வேட்டையும் அவர்தம் பழைய வாழ்வு. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை அடைத்தது. 2023-இல்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். வீட்டில் வாக்ரிபோலியும் வெளியில் தமிழும் பேசும் அம்மக்கள்முன் ஆங்கிலப் படிவத்தை நீட்டுவது முறைதானா?

மக்களின் வழக்கத்தை மதிக்கத் தில்லிக்குத் தெரியாது என்பதன்று. குடகர்க்கும் அங்குள்ள சம்மா நிலமுடையார்க்கும் வெள்ளையர் காலந்தொட்டு உரிம விலக்கு இருந்து வருகின்றது. 2019-இல் அது 2029 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டது. 2021-இல் கருநாடக உயர்முறைமன்றமும் அதனை ஏற்றது. தமிழர் அத்தகைய விலக்கைக் கேட்கவில்லை. சட்டத்தைத் தம் மொழியில் கேட்கின்றனர். அவ்வளவே!

அதற்கு வழியும் முன்பே உண்டு. நடுவண் சட்டங்களையும் விதிகளையும் மாநில மொழிகளில் பெயர்த்துக் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் வெளியிட்டால், அவை அம்மொழியில் சட்ட ஏற்புடையன என 1973-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அவ்வழியே படைக்கல விதிகளும் படிவங்களும் தமிழில் வருதல் வேண்டும். ஆட்சியரும் காவல் ஆணையரும் தமிழில் எழுதிய வேண்டுகையை ஏற்றுத் தமிழிலேயே மறுமொழி தருதல் வேண்டும். இறந்தோரின் படைக்கலத்தை ஒப்படைக்கும் முறை காவல் நிலையந்தோறும் தமிழில் எழுதி ஒட்டப்படுதல் வேண்டும்.

பூட்டிய பெட்டியில் துமுக்கி இருக்கலாம். பூட்டிய மொழியில் சட்டம் இருத்தல் கூடாது!