முதல் செடிக்கு முதலில் மண்

தெரிந்த இளைஞர் ஒருவர் சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டினார். மேசை மேல் ஏழெட்டு பாட்டில்கள். ஒன்று வேருக்கு, ஒன்று இலைக்கு, ஒன்று பூவுக்கு. “அண்ணா, ஒரே ஒரு செடிக்கு இத்தனை உரம் வேணுமா?” என்று கேட்டார். வீடியோவில் இருந்தது கஞ்சாச் செடி.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் முதல் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர் ஒருவர் மூன்று செடி வளர்க்கலாம். அந்த வீடியோக்கள் அங்கே உள்ளவர்களுக்காக எடுக்கப்பட்டவை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கஞ்சா பயிரிட்டால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கொல்லைப்புறத்தில் வைத்த ஒற்றைச் செடிக்கும் வழக்கு உண்டு. உத்தரகண்ட் மாநிலம் 2018 முதல் உரிமம் கொடுத்து வளர்க்க அனுமதித்தது, போதைப் பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத நார்ப்பயிரை. அதைக் காட்டி இங்கே யாராவது விதை கொடுத்தால் வாங்காதீர்கள். மலையோரக் காட்டில் ஊடுபயிராக நாலு செடி போட்டால் நல்ல காசு என்று ஆசை காட்டும் தரகர், வழக்கு வந்தால் காணாமல் போய்விடுவார். நிலத்துக்காரர்தான் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பார்.

ஆனால் அந்த இளைஞரின் கேள்வி நல்ல கேள்வி. செடி வளர்க்கும் ஆசை நல்ல ஆசை. அந்தக் கையில் ஒரு தக்காளி நாற்றைக் கொடுத்தால் போதும். பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி கூடை கூடையாக வந்து இறங்கும் தருமபுரி மாவட்டம் இது. மண்ணும் வெயிலும் அதற்குத் தோதானவை.

அந்தப் பாட்டில்களில் என்ன இருக்கிறது? மேலே எந்தச் செடியின் படம் போட்டிருந்தாலும் உள்ளே முக்கியமாக இருப்பவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற மூன்றும்தான். தழை, இலைக்கும் தண்டுக்கும். மணி, வேருக்கும் பூவுக்கும். சாம்பல், காயின் திரட்சிக்கும் நோய் தாங்கும் வலுவுக்கும். நம் உரக்கடை மூட்டையிலும் அதே கணக்குதான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. டிஏபியில் 18 தழை, 46 மணி. பொட்டாஷில் 60 சாம்பல். 19:19:19 என்று பையில் அச்சிட்டிருந்தால் மூன்றும் சமம் என்று பொருள். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாட்டில் விளம்பரத்தில் ஏமாற வேண்டியதில்லை.

எண்ணைப் படிப்பதற்கு முன்னால் மண்ணைப் படிக்க வேண்டும். தருமபுரியில் பெரும்பகுதி செம்மண், பல இடங்களில் சரளை கலந்தது. தண்ணீரை வேகமாக வடிய விடும். அதனால் வேர் அழுகல் குறைவு. ஆனால் மட்கு குறைந்த மண் இது. ஊற்றுகிற தண்ணீரோடு போட்ட உரமும் கீழே இறங்கிவிடும். இந்த மண்ணில் யூரியாவை அள்ளி வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். முதலில் சத்தைப் பிடித்து வைக்கும் வலுவை மண்ணுக்குத் தர வேண்டும். அந்த வலு தருவது தொழு உரம்.

உங்கள் மண் எந்த வகை என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மண், மேலே தண்ணீர். நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் வண்டல் அதன்மேல் படியும். களி மறுநாள்தான் இறங்கும். மூன்று பட்டைகளும் கண்ணுக்குத் தெரியும். மணல் பட்டை தடித்திருந்தால் எரு கூடுதலாக வேண்டும். தண்ணீரையும் உரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். களிப் பட்டை தடித்திருந்தால் மணலும் மட்கும் சேர்த்துப் பொலபொலப்பாக்க வேண்டும்.

எருவிலும் பார்த்து வாங்க வேண்டியது ஒன்று உண்டு. மட்காத சாணத்தைக் குழியில் போட்டால் அது சூடேறி இளம் வேரைச் சுடும். வண்டுப் புழுவும் கூடவே வரும். நன்கு மட்கிய எருவில் சாண வாடை இருக்காது. கையில் எடுத்தால் சூடு இருக்காது, உதிரும், கறுத்திருக்கும். ஒன்றரை அடிக் குழி வெட்டி, மேல்மண்ணைத் தனியே எடுத்து வையுங்கள். அந்த மேல்மண் இரண்டு பங்குக்கு மட்கிய எரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. முதல் செடிக்கு அடியுரம் இவ்வளவே. நட்டு, புதுத் துளிர் வந்த பிறகு மேலுரம் பற்றி யோசிக்கலாம்.

பலர் மறக்கும் இன்னொரு சங்கதி தண்ணீர். நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது தொடங்கப்பட்டது. பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். வாளி வாளியாக ஊற்ற ஊற்ற மண்ணின் காரத்தன்மை ஏறும். காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழைநீரைப் பிடித்து வைத்துத் தொட்டிச் செடிக்கு ஊற்ற முடிந்தால் அதுவே பாதி வைத்தியம்.

இலை சொல்வதைக் கேட்கவும் பழக வேண்டும். கீழே உள்ள முதிர்ந்த இலை மொத்தமாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துத் துளிருக்கு அனுப்புகிறது. மேலே துளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. பழைய இலையின் ஓரம் தீய்ந்தால் சாம்பல் சத்துக் குறை. தக்காளிக் காயின் அடி கறுத்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒருநாள் ஊற்றி மூன்று நாள் காயப்போடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். மஞ்சளைக் கண்டதும் எல்லாவற்றுக்கும் யூரியா போடுகிறவர்கள் செடியைக் கருக்குகிறார்கள். உரம் குறைந்தால் அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம். கூடிப்போன உரத்தை மண்ணிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

சந்தேகம் தீர மண் பரிசோதனை இருக்கிறது. செடி வைக்கப்போகும் இடத்தில் சருகை ஒதுக்கி, அரை அடி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுங்கள். நான்கைந்து இடத்து மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் போதும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையமோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமோ வழிகாட்டும். கார அமில நிலை ஆறிலிருந்து ஏழுக்குள் இருந்தால் தக்காளிக்குக் கவலையில்லை. உப்பின் அளவும் முச்சத்தும் அதே தாளில் வரும். கடைக்காரர் சொல்வதை வாங்குவதா, மண் கேட்பதை வாங்குவதா என்று அந்தத் தாளைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

முதல்முறை செடி வைக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் மண்ணை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். சட்டத்துக்கு அஞ்சி மறைத்து வளர்க்க வேண்டிய செடி நமக்கு வேண்டாம். தெருவில் போகிறவர் நின்று பார்த்து, ‘என்ன எரு போட்டே தம்பி?’ என்று கேட்கிற செடியை வளருங்கள்.