ஊறுகாய்க்கு உள்ள படி சோப்புக்கு இல்லை

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிகளுக்கான சரக்கு - சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நுகர்வோர் வரவேற்ற இந்த முடிவு, வீட்டில் கையால் சோப்பு தயாரித்து விற்போருக்கு எதிர்பாராத நெருக்கடியைத் தந்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், மாநிலத்துக்குள் மட்டும் விற்போர் வரிப் பதிவு பெற வேண்டியதில்லை. பெரிய நிறுவனம் 100 ரூபாய் அடக்கமுள்ள சோப்பை வரியுடன் 118 ரூபாய்க்கு விற்றபோது, சிறு தயாரிப்பாளருக்கு 18 ரூபாய் இடைவெளி இருந்தது. இன்று அது 5 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

அதே ஆண்டில் கொப்பரையின் சந்தை விலை, அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு நிர்ணயித்த குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் என்ற ஆதரவு விலையை வெகுவாகத் தாண்டிச் சென்றது. கையால் செய்யும் சோப்பில் தேங்காய் எண்ணெயே முதன்மை மூலப்பொருள். எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைசலையும் கலந்து வார்த்த சோப்பு, நான்கு முதல் ஆறு வாரங்கள் உலர்ந்து முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். அதுவரை எண்ணெயில் போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். ஆக, விலைப் போட்டியில் சிறு தயாரிப்பாளர் வெல்ல வழியில்லை. அவருக்கு எஞ்சியிருப்பது நம்பிக்கை என்ற ஒரே முதல்தான்.

இது சாமளாபுரத்துக்கு ஏன் முக்கியம்? சாமளாபுரம், சோமனூர், பல்லடம் வட்டாரத்தின் விசைத்தறியாளர்கள் பாவும் நூலும் பிறரிடம் வாங்கி, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்பவர்கள். அந்தக் கூலியை உயர்த்தக் கோரி 2025 மார்ச்சில் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி, பக்கத்திலுள்ள திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியையும் உலுக்கியது. இத்தகைய ஊரில் ஒரு பெண் வீட்டில் சோப்பு தயாரித்து விற்கிறார் என்றால், கூலி வாங்கும் குடும்பத்தில் ஒருவர் தம் பொருளுக்குத் தாமே விலை வைக்கிறார் என்று பொருள். வருமானம் சிறிதாயினும் இந்த மாற்றம் சிறிதன்று.

வீட்டிலிருந்து பெருந்தொழிலாக வளர்வது கனவும் அன்று. மருத்துவர் வி.பி.சித்தன் 1969-இல் சென்னையில் தம் வீட்டில் தொடங்கியதுதான் மெடிமிக்ஸ். ரயில்வே தொழிலாளர்களின் தோல் நோய்க்காக அவர் உருவாக்கிய அந்தச் சோப்புக்கு அவரது மருத்துவப் பட்டமே நற்சான்றாக இருந்தது. சாமளாபுரத்துப் பெண்ணுக்கு அந்த நற்சான்றைத் தரக்கூடியது அரசின் உரிம எண் மட்டுமே. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், தொடக்கத்தில் அழகுசாதனப் பொருள் என்ற வரையறையிலிருந்து சோப்பை விலக்கி வைத்திருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. இன்று 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, விற்பனைக்குச் சோப்பு தயாரிக்க உரிமம் கட்டாயம். தகுதி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் வேண்டும். சிறிய அளவில் குளியல் சோப்பு தயாரிப்பதற்கே 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடி இடம் பரிந்துரைக்கப்படுகிறது. இயந்திரங்களின் பட்டியலில் மூன்று உருளை அரைவை இயந்திரமும் முத்திரை அழுத்தும் இயந்திரமும் இடம்பெறுகின்றன. அச்சில் வார்த்து, கத்தியால் நறுக்கும் சோப்புக்கு இவை தேவையே இல்லை.

உணவுத் துறையைப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், 12 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் எளிய பதிவு என்ற முதல் படியை அமைத்தன. வீட்டில் ஊறுகாய் போடுபவர் அந்தப் படியில் கால் வைத்து மேலே ஏறலாம். உண்ணும் பொருளுக்கு உள்ள இந்தப் படி, குளித்துக் கழுவிவிடும் பொருளுக்கு இல்லை. விளைவாக, சிறு தயாரிப்பாளர்களில் பலர் உரிமமின்றி, தெரிந்தவர்களுக்குள் விற்று, வளராமலேயே இருக்கிறார்கள். வளர்ந்தால் கண்ணில் படுவோம் என்ற அச்சம், எந்த மானியத்தையும் வீணாக்கிவிடும்.

கட்டுப்பாடு கூடாது என்பது என் வாதமன்று. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், தோலை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது 2023-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பாதரசமே அங்கு ஐயத்துக்குரிய பொருளாக இருந்தது. நீர் கலந்த கிரீமில் நுண்கிருமிகள் பெருகும். அது தோலிலேயே தங்கும். காரத்தன்மை கொண்ட சோப்புக் கட்டியில் அவை எளிதில் பெருகுவதில்லை. அதிலுள்ள முதன்மையான அபாயம் வினைபுரியாமல் எஞ்சிய காஸ்டிக் சோடா. அதை எளிய சோதனையால் கண்டறிய முடியும். அபாயம் வேறுபடும்போது நிபந்தனையும் வேறுபட வேண்டும். அமெரிக்காவில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், ஆண்டுச் சராசரி விற்பனை 10 லட்சம் டாலருக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு ஆலைப் பதிவிலிருந்து விலக்களித்தது. கண்ணில் படும் பொருள்களுக்கு அந்த விலக்கு இல்லை. பொருளின் பாதுகாப்புக்கான பொறுப்பிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை.

மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவது, மருத்துவப் பயன் எதையும் உரிமை கோராத சாதாரணச் சோப்புக் கட்டிக்கு மட்டும், விற்றுமுதல் அடிப்படையில் எளிய பதிவு. மூலப்பொருள் பட்டியல், தயாரிப்புத் தொகுதி எண், காரச் சோதனைப் பதிவேடு ஆகியவை அதன் நிபந்தனைகளாகலாம். இரண்டாவது, கிரீம், லோஷன் தயாரிக்க விரும்புவோருக்கு உரிமம் பெற்ற பொதுத் தயாரிப்புக் கூடம். பிறரது கூடத்தில் தம் பொருளைத் தயாரித்துக்கொள்ளும் 'லோன் லைசென்ஸ்' முறை இப்போதே விதிகளில் உண்டு, இல்லாதது கூடம்தான். மூன்றாவது, பிற மாநிலங்களுக்கு ஒரு சோப்பு அனுப்பினாலும் வரிப் பதிவு கட்டாயம் என்ற நிலையைத் தளர்த்துவது. குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு இந்தச் சலுகை ஏற்கெனவே உள்ளது.

பொதுக் கூடம் என்பது இப்பகுதிக்குப் புதிதன்று. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாத பட்டறைகள், மேம்படுத்தப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் துணையால்தான் மீண்டும் இயங்கின. விதியைக் கைவிடாமலேயே, சிறியவர் அதை நிறைவேற்ற வழி செய்ய முடியும் என்பதற்குத் திருப்பூரே சான்று.

2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள நிறுவனமும் 'குறு நிறுவனம்'தான். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குச் சோப்பு விற்பவரும் அதே பெயரில்தான் அழைக்கப்படுகிறார். கொள்கை வகுப்போர் இந்த இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதை நிறுத்த வேண்டும். சிறு தயாரிப்பாளரின் இன்றைய தேவை மானியத்தைவிட, சட்டத்துக்கு உட்பட்டு ஏறிச் செல்ல ஒரு முதல் படி.