பெருநகரில் சிறு பணப்பை

தென்மராட்சியிலிருந்து ஓய்வூதியர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் எமது கைக்குக் கிட்டியது. "மகள் இலண்டனுக்கு வரும்படி அழைக்கிறாள். விமானச் சீட்டையும் தானே அனுப்புவதாகக் கூறுகிறாள். ஆயினும் அந்நகரத்து விலைவாசியைக் கேட்கும்போதே நெஞ்சு நடுங்குகின்றது. என் ஓய்வூதியத்தைக் கொண்டு அங்கே ஒரு கோப்பைத் தேநீராவது அருந்தலாமா?" என்று அவர் வினவுகின்றார்.

கேள்வி வேடிக்கையாக அமைந்திருப்பினும் அதனுள் இருக்கும் அச்சம் வேடிக்கையன்று. ஒரு பவுண் 400 ரூபா அளவில் நிற்கும் இக்காலத்தில் அவ்வச்சம் எவருக்கும் உண்டாவதே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் எம் முன்னோர். தேம்ஸ் ஆற்றுக்கும் அம்மொழி பொருந்தும். அளக்கத் தெரிந்தவனுக்கு இலண்டன் அத்துணைக் கொடிய நகரமன்று என்பதே எமது அநுபவம். ஆனால் அவ்வளவையை நாம் கற்றுக்கொண்டது நட்டப்பட்ட பின்னர்தான்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், மனைவியாருடன் அங்கு சென்று, எமது தமக்கையாரின் மகன் வீட்டில் பதினெட்டு நாள் தங்கியிருந்தோம். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியதும் பிக்கடில்லிப் பாதையின் சுரங்க வண்டியில் ஏறி வரும்படி மருமகன் முன்னரே அறிவித்திருந்தான். நீல நிறக் கோட்டைப் பின்தொடர்ந்தால் போதுமாம். நாமோ அங்கு திரண்டிருந்த சனக்கூட்டத்தைக் கண்டு மலைத்து நின்றோம். யாரிடமாவது வழி கேட்கலாமெனில் வெட்கம் தடுத்தது. "அறியாததைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்" என்று இருபது வருடங்களாக மாணவருக்குப் போதித்துவரும் நாம், அன்று வாயடைத்துப் போய் ஒரு வாடகைக் காரில் ஏறினோம். இறங்கும்போது 90 பவுண் கொடுத்தோம். சுரங்க வண்டிக் கட்டணமோ ஆளுக்கு 6 பவுணுக்குள் அடங்கியிருக்கும். அந்தப் பணத்தில் நாமிருவரும் எட்டு நாட்களுக்கு நகர் முழுவதையும் பஸ்ஸிலே சுற்றியிருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்து மனம் புழுங்கினோம்.

ஆயினும் அது சிறு நட்டமே. பெரு நட்டம் மூன்றாம் நாள் இரவு தெரியவந்தது. மருமகன் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்பவன். முதலிரண்டு நாளும் எம்மைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு நகரைக் காட்டினான். நகரின் நடுப்பகுதிக்குள் கார் கொண்டு செல்வதற்கு நெரிசற் கட்டணமாக அவ்வாண்டில் 15 பவுண் அறவிட்டார்கள். காரை நிறுத்துவதற்கு வேறு பணம். இவற்றையெல்லாம் அவன் எமக்குச் சொல்லவில்லை. அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, சமையலறையில் நின்று அவன் தொலைபேசியில் மெல்லிய குரலில் பேசுவது கேட்டது. தன் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி உடன் வேலை செய்யும் ஒருவரை இரந்துகொண்டிருந்தான். எமக்காக இரண்டு நாட் சம்பளத்தை ஏலவே இழந்திருந்தான், மூன்றாவதையும் இழக்கவிருந்தான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதன் பொருள் அவ்விரவில்தான் எமக்கு விளங்கிற்று. சிக்கனம், சிக்கனம் என்று எமது பணப்பையை மட்டுமே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தோம். செலவு மற்றொருவன் பணப்பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. மறுநாட் காலை, "தம்பி, இனி நானும் மாமியும் தனியே போய்வருவோம். நீ வேலைக்குப் போ" என்று கூறிவிட்டோம். அவன் தயங்கினான். நாமும் உள்ளூரப் பயந்துகொண்டுதான் புறப்பட்டோம். ஆகவே உறவினர் வீட்டுக்குச் செல்வோருக்கு எமது முதலாவது ஆலோசனை இதுவே: தனியாக நடமாடக் கற்றுக்கொள்ளுங்கள்.

அது கடினமான வித்தையன்று. இலண்டன் பஸ்களில் 2014ஆம் ஆண்டு முதல் காசு வாங்குவதில்லை. வங்கி அட்டையை அல்லது ஓய்ஸ்டர் எனப்படும் பயண அட்டையை ஏறும்போது கருவியில் தொட்டுக் காட்டவேண்டும். எம் நாட்டு வங்கி அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் சேரக்கூடுமாதலால், அதனை வங்கியில் விசாரித்து அறிந்து செல்வது நலம். கணவனும் மனைவியும் ஓர் அட்டையைப் பங்கிட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். 2025இல் பஸ் கட்டணம் 1.75 பவுண். தூரம் எதுவாயினும் கட்டணம் ஒன்றே. முதல் பஸ்ஸில் அட்டையைத் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மேலதிகமாக எதுவும் இல்லை. நாள் முழுவதும் பஸ்ஸிலேயே திரிந்தாலும் 5.25 பவுணுக்கு மேல் அறவிடப்படமாட்டாது. 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பஸ் இலவசம்.

சுரங்க வண்டியில் மட்டும் ஓர் எச்சரிக்கை: ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் அட்டையைத் தொடவேண்டும். இறங்குமிடத்தில் மறந்தால் ஆகக்கூடிய கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள். வார நாட்களில் காலை 9.30க்குப் பின்னர் புறப்பட்டால் கட்டணமும் குறைவு, நெரிசலும் குறைவு. அவசரமில்லாதவர்க்குப் பஸ்ஸின் மேற்தட்டு முன்னாசனமே உத்தமம். ட்ரபால்கர் சதுக்கத்தில் 15ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், சென் போல்ஸ் தேவாலயத்தையும் இலண்டன் கோபுரத்தையும் கண்டு செல்லலாம். சுற்றுலா வண்டிக்காரர் இதே காட்சிகளுக்குப் பல மடங்கு பணம் கேட்பர்.

இனி, பார்க்கத்தக்கவை. இவ்விடயத்தில் இலண்டனைப் போன்ற வள்ளலைக் காண்பதரிது. 1759இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பிரித்தானிய நூதனசாலை, 1824இல் நிறுவப்பட்ட தேசிய ஓவியக்கூடம், தென் கென்சிங்ரனில் அருகருகே அமைந்த இயற்கை வரலாற்று நூதனசாலை, விஞ்ஞான நூதனசாலை ஆகிய யாவற்றிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. விசேட கண்காட்சிகளுக்கே பணம். நேரத்தை முன்கூட்டிப் பதிந்துகொண்டு சென்றால் வரிசையில் காத்திருக்கும் துன்பமும் குறையும். பிரித்தானிய நூலகத்தில் மக்னா காட்டா சாசனத்தையும், கூட்டன்பேர்க் அச்சிட்ட விவிலியத்தையும் பணமின்றிக் காணலாம். பாராளுமன்றம் கூடும் நாட்களில் பொதுமக்கள் கூடத்திலிருந்து விவாதங்களைக் கேட்கவும் கட்டணமில்லை. குடியியலும் வரலாறும் பயிலும் மாணவர்கள் தவறவிடக்கூடாத பாடம் இது.

பெருந் தேவாலயங்களைச் சுற்றிப் பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டிற்கு வருவோரிடம் அதனைக் கேட்பதில்லை. ஆனால் சீட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கும் தந்திரமாக அங்கு நுழையலாகாது. எம் கோயிலில் பிறர் எவ்வாறு நடக்கவேண்டுமென விரும்புவோமோ அவ்வாறே அமைதியாக அமர்ந்து கேட்டு வருதல் வேண்டும். அங்கு ஒலிக்கும் இசை எந்தச் சமயத்தவருடைய உள்ளத்தையும் உருக்கும்.

உணவைப் பொறுத்தவரையில், வீட்டிலிருந்து கட்டிச் செல்லும் பாணுக்கும் சம்பலுக்கும் நிகர் வேறில்லை. ஹைட் பூங்காவின் மர நிழலில் அமர்ந்து அதனை உண்பதை எவரும் இளப்பமாக நோக்கமாட்டார். அந்நாட்டவரே அவ்வாறுதான் உண்கின்றனர். குழாய் நீர் பருகத் தக்கது. போத்தலில் நிரப்பிச் செல்லலாம். சோறு வேண்டுமெனில் ஈஸ்ற் ஹாம், ரூட்டிங், ஹரோ ஆகிய பகுதிகளில் எம்மவர் கடைகள் உள. நகர நடுவிலும் பார்க்க விலை குறைவு. ஹைகேற் முருகன் கோயிலுக்கும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கும் சென்று வழிபடலாம். கோயிலில் அன்னதானம் கிடைத்தால் மனமுவந்து உண்ணுங்கள், உண்டியலையும் மறவாதீர்கள். கோயில் எமக்கு மலிவான உணவுச்சாலையன்று.

அங்கு உறவினர் இல்லாத மாணவர்கள், கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதி அறைகள் வாடகைக்கு விடப்படுவதை அறிந்துவைத்தல் நன்று. ஹோட்டல்களிலும் பார்க்க அவை பெரும்பாலும் மலிவானவை. ஒவ்வொரு பவுணையும் 400ஆற் பெருக்கிப் பார்க்கும் வழக்கத்தை, நாளொன்றுக்கு இவ்வளவு என்று காலையில் வரையறுத்த பின்னர் விட்டுவிடுங்கள். இல்லையேல் தேநீர் தொண்டையில் இறங்காது.

புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன், மருமகனுக்கு ஓய்வு நாள் வாய்த்தது. "இன்று எங்களோடு வா" என்று பஸ்ஸில் ஏற்றி, பிரித்தானிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே 33ஆம் மண்டபத்தில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கண்டெடுக்கப்பட்ட தாராதேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை நிற்கின்றது. உயரம் 143 சதம மீற்றர். வயதோ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். இலங்கையில் தேசாதிபதியாயிருந்த பிறவுண்றிக் 1830இல் அதனை அந்நூதனசாலைக்குக் கொடுத்தார். எம் நாட்டுத் தேவியைக் காண எம்மிடமே பணம் கேளாதிருப்பது நியாயந்தான் என்று மனைவியார் கூறினார்.

மருமகன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பின்னர், "மாமா, இஞ்சை வந்து பன்னிரண்டு வருசம். ஒருநாளும் இதுக்குள்ளை வரேல்லை" என்றான். வெளியே படிக்கட்டில் அமர்ந்து மூவரும் பாணைப் பகிர்ந்து உண்டோம்.

கடிதம் எழுதிய அன்பரே, தயங்காது சென்று வாருங்கள். தேநீர் அருந்தலாம். ஆனால் முதல் வாரத்திலேயே பஸ் இலக்கங்களைப் படித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஓய்வு கிடைக்கும் நாளொன்றில், அவளை நீங்கள் அழைத்துச் செல்லுங்கள்.