கம்பி மாட்டிக்கொண்டால் மனிதன் இறங்க வேண்டுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துத் தெருத் தம்பி போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "அக்கா, அப்பா அடைப்பு எடுக்கப் போன வீட்ல கம்பி குழாய்க்குள்ள மாட்டிக்கிச்சு. தொட்டியில இறங்கி எடுத்துட்டுப் போன்னு சொல்றாங்க. அப்பா சட்டையைக் கழட்டிட்டார். என்ன செய்றது?"

"யாரும் இறங்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் மூடியைத் திறக்கவே கூடாதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நடந்தது இதுதான். கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் 4 அங்குலக் குழாயில் அடைப்பு. துண்டு துண்டாகத் திருகி இணைக்கும் கம்பியை அண்ணன் இடையிலுள்ள சேம்பர் வழியாக உள்ளே விட்டிருக்கிறார். வளைவில் கம்பி இறுகிக்கொண்டது. விடுவிக்க வேண்டி எதிர்ப்பக்கமாகத் திருப்பியதில் இணைப்பு மரை கழன்று, முன்பக்கத் துண்டுகள் குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டன. கம்பி ஒப்பந்ததாரருடையது. "கம்பி இல்லாம வராதே, வந்தா கூலியில பிடிச்சுக்குவேன்" என்று அவர் போனில் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கோ மாலையில் விருந்தாளிகள். "தொட்டிக்குள்ள இருந்து இழுத்தா வந்துடும்" என்கிறார். அன்றைய கூலி 800 ரூபாய். கம்பியின் விலை அதைவிட அதிகம். அண்ணன் சட்டையைக் கழற்றியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அங்கே யாரும் சாதியைக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அதே வீட்டில் குழாய் மாட்ட வந்த பிளம்பரின் ஸ்பேனர் கழிப்பறைக் குழாயில் விழுந்திருந்தால், அவரைத் தொட்டிக்குள் இறங்கச் சொல்ல அந்த வீட்டுக்காரருக்கு வாய் வந்திருக்குமா? பெரும்பாலும் பிளம்பர் "ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த 'ஆள்' யார், எந்தக் காலனியிலிருந்து வருவார் என்பது ஊருக்கே தெரியும். ஒரே வீடு, ஒரே பிவிசி குழாய். நல்ல தண்ணீர் ஓடும் குழாய்க்குத் தொழிலாளி வருகிறார், மலம் ஓடும் குழாய்க்கு நம் சாதி வரவழைக்கப்படுகிறது.

மலக்குழி மரணங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இயந்திரம் கேட்கிறோம். சரியான கோரிக்கைதான். ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கிய 'நமஸ்தே' திட்டமும் இயந்திரமயமாக்கலைத்தான் பேசுகிறது. ஆனால் அன்று அண்ணனைத் தொட்டியின் விளிம்புக்குக் கொண்டுவந்தது கருவி இல்லாத குறை அல்ல, கருவியே அவரை அங்கே கொண்டுவந்தது. கருவி பழுதானால், மாட்டிக்கொண்டால், தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை, கடைசிக் கருவி நம் ஆட்களின் உடம்புதான். ஸ்பிரிங் கம்பி, ஜெட் குழாய், ரோபோ, எது வந்தாலும் இந்த நிலை மாறாது.

கம்பியை எப்படி எடுத்தோம் என்பதையும் சொல்கிறேன். நாளை உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரலாம். தெரிந்த கட்டடத் தொழிலாளர் ஒருவரை வரச்சொன்னோம். முனை சுருண்ட கொக்கி உள்ள இன்னொரு கம்பியை அதே சேம்பரிலிருந்து விட்டு, வலப்பக்கமாக மட்டுமே திருப்பி, மாட்டிக்கொண்ட துண்டைக் கவ்வி இழுத்தார். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. வராமல் போயிருந்தாலும் வழி உண்டு. இரும்புக் கம்பி என்பதால் கயிற்றில் கட்டிய காந்தம் உதவலாம். எங்கே நிற்கிறது என்று பார்க்க, போனில் இணைக்கும் சிறிய கேமரா கடையில் கிடைக்கிறது. எதுவுமே பலிக்காவிட்டால் அந்த இடத்தில் தோண்டி, குழாயை அறுத்து, கம்பியை எடுத்துவிட்டுப் புதுத் துண்டை கப்ளிங் வைத்து ஒட்டலாம். தரை உடையும், செலவாகும், விருந்து தள்ளிப்போகும், ஆனால் யாரும் சாக மாட்டார்கள். 'ஆள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை' என்ற பேச்சுக்குப் பொருள், மற்ற வழிகளுக்கெல்லாம் வீட்டுக்காரர் பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது? காற்று புகாமல் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் வாயுக்கள் உருவாகின்றன. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயுவின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பவர் உள்ளே போகிறார். கம்பியைத் தேடி அடியில் உள்ள கசடைக் கிளறும்போது அதில் அடைந்திருக்கும் வாயு மொத்தமாக வெளியேறுகிறது. ஓரிரு மூச்சிலேயே ஆள் சரியலாம். அவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான். லாரி வந்து உறிஞ்சிக் காலியாக்கிய தொட்டியும் பாதுகாப்பானது அல்ல.

இப்போது சட்டத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன மூன்று வாதங்களை நீங்களும் கேட்பீர்கள்.

முதல் வாதம்: "இது வீட்டுக் குழாய்தானே, கார்ப்பரேஷன் சாக்கடையா?" கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், மனிதக் கழிவைக் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாயையே சாக்கடை என்று வரையறுக்கிறது. செப்டிக் டேங்கையும் தனியாகக் குறிப்பிடுகிறது. வீட்டு மதிலுக்கு உள்ளே என்பதால் விலக்கு எதுவும் இல்லை.

இரண்டாவது: "நான் என்ன முதலாளியா?" அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. எந்த நபரும் என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம், ஒப்பந்ததாரரும் அடக்கம். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரை மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்தினால், 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

மூன்றாவது: "அவரேதான் இறங்குறேன்னார், அவசரம் வேற." பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையில் இறங்குவதை அவசர நிலையிலும் குற்றமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொல்லிவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு அப்போது 10 லட்சம் ரூபாய் என்று இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. கூலி பிடிபடும் என்ற பயத்தில் ஒருவர் சொல்லும் 'சரி'யைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்தச் சட்டங்களெல்லாம் பெரும்பாலும் பிணம் விழுந்த பிறகே வெளியே எடுக்கப்படுகின்றன. அன்று அண்ணன் இறந்திருந்தால் நாம் மறியல் செய்திருப்போம், முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லிப் போராடியிருப்போம். அவர் உயிரோடு இருப்பதால் அது ஒரு சம்பவமே இல்லை. எந்தக் கணக்கிலும் வராத இத்தகைய காலை வேளைகள்தான் நாளைய மரணங்களைத் தயார் செய்கின்றன.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் பகுதியில் அடைப்பெடுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் யார் யார் என்று தெரிந்துவைத்திருங்கள். கருவி யாருடையது, சேதமானால் யார் தலையில் கட்டப்படுகிறது என்று கேளுங்கள். கருவிக்காகக் கூலியில் பிடிக்கக் கூடாது என்பதைச் சங்கத்தின் கோரிக்கையாக வையுங்கள். கழிவகற்ற லாரியைக் கூப்பிட 14420 என்ற எண்ணை வீட்டுக்காரர்களிடம் கொண்டுசேருங்கள். கம்பி உள்ளே போய்விட்டது என்று போன் வந்தால், முதலில் ஆளைத் தொட்டியிலிருந்து விலக்குங்கள். வாதம் பிறகு செய்துகொள்ளலாம்.

அன்று கம்பி முழுசாக வந்தது. அண்ணன் அதைக் குழாயடியில் கழுவி, துடைத்து, ஒப்பந்ததாரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மரை தேய்ந்துவிட்டது என்று சொல்லி அவர் 300 ரூபாய் பிடித்துக்கொண்டார். அந்த 300 ரூபாய்க்காக அடுத்த வாரம் தம்பியும் நானும் அவர் அலுவலகத்துக்குப் போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

ஜெய் பீம்.