மைக்ரேனுக்கு டிரமடால் வேண்டாம்

ஜன்னலை இறுக மூடி, ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு, அடுப்படியில் தாளிக்கும் வாசம் பட்டாலே குமட்டுகிறது என்று சுருண்டு கிடப்பவரிடம் ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்’ என்பது கொடுமை. மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன், இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட மைக்ரேன். பாராசிட்டமால் கேட்காமல் போன பிறகு, டிரமடால் போன்ற ஓபியாய்டு மாத்திரையைக் குறைந்த அளவில் போட்டுக்கொண்டால்தான் என்ன என்று நோயாளி கேட்பது நியாயமானதே. ஆனால், உடலில் அபினைப் போல வேலை செய்யும் இந்த மருந்துகள் மைக்ரேனுக்கு உதவுவதைவிட அதை வளர்ப்பதே அதிகம்.

இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தலைவலிக்கென்றே சிகிச்சை மையம் நடத்திய ஜோயல் சேப்பரும் அவருடைய குழுவினரும், எந்த மருந்துக்கும் அடங்காத தலைவலி கொண்ட 160 பேருக்குத் தினமும் ஓபியாய்டு கொடுத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 2004-இல் ‘நியூராலஜி’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. மூன்று ஆண்டுகளாவது தொடர்ந்தவர்கள் 70 பேர். தொடக்கத்திலிருந்த 160 பேரில் பாதிக்குமேல் குணம் கண்டவர்கள் 41 பேர்தான், நூற்றுக்கு 26. சொன்ன அளவைத் தாண்டிப் போட்டுக்கொள்வது, சீட்டு தொலைந்துவிட்டது என்று மறுபடி வாங்குவது, வேறு டாக்டரிடமும் எழுதி வாங்குவது ஆகியவை பாதிப் பேரிடம் காணப்பட்டன. நிபுணர்கள் அருகிலிருந்து கண்காணித்த இடத்திலேயே இந்த நிலை. நோயாளிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. மருந்தின் குணம் அப்படி.

சரி, அளவைக் குறைத்தால்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வலி மாத்திரையை அடிக்கடி போடுவதால் அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கும் நிலையை நிர்ணயிக்கும்போது மருத்துவர்கள் மில்லிகிராமைப் பார்ப்பதில்லை, நாள்களை எண்ணுகிறார்கள். பாராசிட்டமாலுக்கு மாதம் 15 நாள் எல்லை என்றால் ஓபியாய்டுக்கு 10 நாள்தான். அரை மாத்திரை போட்டாலும் அது ஒரு நாள். மாதத்தில் பாதி நாள் வலியில் இருப்பவருக்கு இந்த எல்லையைத் தாண்ட எத்தனை நாளாகும்?

தாங்க முடியாத வலியோடு அவசர சிகிச்சைக்கு ஓடுபவர்களுக்கும் ஓபியாய்டு முதல் தேர்வு அல்ல. நியூயார்க்கில் ஒரு சாராருக்கு ஹைட்ரோமார்போன் என்ற ஓபியாய்டு ஊசியும், மற்றவர்களுக்கு புரோகுளோர்பெரசின் ஊசியும் போட்டு ஒப்பிட்டார்கள். நம் ஊரிலும் வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் எழுதித்தரும் பழைய மருந்துதான் அது. 48 மணி நேரம் வரை வலி தணிந்திருந்தவர்கள் புரோகுளோர்பெரசின் பிரிவில் நூற்றுக்கு 60, ஓபியாய்டு பிரிவில் 31. வித்தியாசம் அத்தனை தெளிவாகத் தெரிந்ததால் 127 பேரோடு ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2017-இல் வெளியான ஆய்வு இது.

புற்றுநோயாளியின் வலிக்கு மார்பின் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைக்காமல் இந்தியாவில் துடித்தவர்கள் ஏராளம். அதற்காகவே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. டிரமடால் 2018-இல் அதே சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும் பாராசிட்டமாலோடு சேர்த்து மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் எழுதப்படுகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் அட்டை தலைவலிக்கும் கைகொடுப்பதுண்டு.

மைக்ரேனுக்கு உண்மையில் தேவை, வலி வருமுன் தடுக்கும் மருந்து. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் இரண்டும் விலை மலிவானவை. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு போடாக்ஸ் ஊசியும், மைக்ரேன் வலியில் பங்குள்ள சிஜிஆர்பி என்ற உடல் புரதத்தைத் தடுக்கும், 2018 முதல் வந்துள்ள ஊசிகளும் உண்டு, விலைதான் கட்டுப்படியாகாது. தலைவலி என்று வருபவருக்கு இரண்டு வேளை வலி மாத்திரை கொடுத்து அனுப்பாமல், மாதத்தில் எத்தனை நாள் வலி என்று ஒரு கேள்வியாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே டிரமடால் எடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று விட்டால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று உடல் படுத்தும். டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலினோ, மைக்ரேன் வலி வந்தபின் போடும் சுமாட்ரிப்டானோ எழுதித்தரும் டாக்டரிடம், டிரமடால் சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள். இவை சேர்ந்தால் வலிப்பு வரை போகக்கூடும்.