ஜட்கா குதிரையின் வெள்ளை மச்சம்

பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு முடிந்தது. என்ன வேணும்னு கேட்டேன். ஐபேட் கேட்பாள் என்று நினைத்து மனசுக்குள் பட்ஜெட் போட்டு வைத்திருந்தேன். "மலைப்பாதையில குதிரை ஓட்டணும்ப்பா" என்றாள். கால்கரியில் உட்கார்ந்துகொண்டு இதற்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? 1912-ல் ஸ்டாம்பீட் திருவிழாவைத் தொடங்கிய ஊர். மேற்கே ஒரு மணி நேரம் வண்டியை விட்டால் ராக்கி மலை அடிவாரம். தங்கமணி மட்டும், "நீங்க ஏறாதீங்க, குதிரை பாவம்" என்றார். (அதில் எவ்வளவு உண்மை என்று பிறகு சொல்கிறேன் :-))

போனோம். சேணத்தின் வயிற்றுவாரை இழுத்துக் கட்டும்போது அந்தக் குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, தலையைத் திருப்பிக் கடிக்க வந்தது. பொண்ணு என் முகத்தைப் பார்த்தாள். கூட்டிப் போகிறவர், "அது எப்பவும் அப்படித்தான், கொஞ்சம் முசுடு" என்றார். காசு கட்டியாச்சே! நானும், "ஒண்ணும் ஆகாதும்மா, ஏறு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து சேணத்தை எடுத்தார்கள். முதுகு முழுக்க வியர்வை. ஆனால் தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால் வார் உரசி, மயிர் போய், தோல் சிவந்திருந்தது. முதுகின் மேட்டில் காசு அளவுக்கு நாலைந்து வெள்ளைத் திட்டு. "இது என்னப்பா?" என்றாள். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "மச்சம்மா. எங்க ஊர்க் குதிரைக்குக்கூட இருந்துச்சு" என்றேன்.

பக்கத்தில் தன் குதிரைக்குக் குளம்பு சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அது மச்சம் இல்லை. பழைய காயம்."

சேணம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. மயிருக்கு நிறம் கொடுக்கிற செல்கள் செத்துப்போகின்றன. காயம் ஆறிய பிறகு முளைப்பது வெள்ளை மயிர். பிறவியிலேயே வெள்ளைத் திட்டு உள்ள குதிரைகளும் உண்டுதான். ஆனால் சேணம் உட்கார்கிற இடத்தில் மட்டும் திட்டு இருந்தால் அது பிறவி மச்சம் இல்லை, சேணம் போட்ட கையெழுத்து. காய்ந்த இடத்துக்கும் இதே கதைதான். சுற்றிலும் நனைந்திருக்க, ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால், ஒன்று சேணம் அங்கே படவே இல்லை, இல்லையென்றால் வியர்க்கக்கூட முடியாத அளவுக்கு அழுத்தியிருக்கிறது.

காரில் வரும்போது பொண்ணு பேசவில்லை. நானும்தான். எனக்குள் கொசுவத்திச் சுருள் சுத்த ஆரம்பித்துவிட்டது.

எங்க ஊர் மைசூர் மைன்ஸ். கோலார் தங்கவயல் என்றால் எல்லோருக்கும் தெரியும். பங்காரப்பேட்டையில் ரயில் மாறி, கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் எல்லாம் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடம் மாரிக்குப்பம். அதை ஒட்டித்தான் எங்கள் லைன் வீடு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காடு பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நைனா மண்ணுக்கு அடியில் இறங்கினார். தாத்தாவுக்குத் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, மேலே ஜட்கா ஓட்டினார்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ராபர்ட்சன்பேட்டை சந்தைக்கு அவர் ஜட்காவில் போவதுதான் எங்களுக்குப் பிக்னிக். ஏறினதும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "கொஞ்சம் முன்னாடி நகரு கண்ணு." இரண்டே சக்கரம் உள்ள வண்டி அது. ஆட்கள் எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும், வார் குதிரையின் வயிற்றை அறுக்கும். எல்லோரும் முன்னால் உட்கார்ந்தால் பாரம் முழுக்க முதுகில் இருக்கிற திண்டில் இறங்கும். நடுவில் நிறுத்த வேண்டும். இந்தத் தராசு வேலையை எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் படிக்காமல் தினமும் செய்தார்.

அந்தக் குதிரையின் முதுகிலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. நாங்கள் அதை நட்சத்திரம் என்போம். நான் எண்ணியே வைத்திருக்கிறேன், மொத்தம் ஏழு.

இப்போது யோசித்தால் அவை ஏழு புண்கள்.

அதற்கப்புறம் அந்தப் பாட்டியிடமே சனிக்கிழமைகளில் பொண்ணைச் சேர்த்துவிட்டேன். ஆறு மாசத்தில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். நம் பிள்ளைகள் நிறைய பேர் குதிரை ஓட்டப் போகிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

சேணம் மேட்டில் உட்காரக் கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் குதிரையின் தோள் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பு நெடுக வெளிச்சம் தெரிகிற மாதிரி ஒரு வாய்க்கால் இருக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு முன்னும் பின்னும் அசைகிற எலும்பு, சேணம் அதற்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். பின்பக்கம் பாரம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குதிரைக்கு விலா பதினெட்டு ஜோடி, கையால் தடவினாலே கடைசி எலும்பு தட்டுப்படும். சேணத்துக்கு அடியில் உள்ளங்கையை விட்டு முன்னாலிருந்து பின்னால் நகர்த்துங்கள். முன்னும் பின்னும் கையை நசுக்கி, நடுவில் தொளதொளவென்று இருந்தால் அது பாலம் மாதிரி நிற்கிறது. அந்தச் சேணம் அந்தக் குதிரைக்கு ஆகாது.

"கீழே இன்னொரு கம்பளி போட்டுட்டா சரியாயிடும்" என்பார்கள். ஏமாறாதீர்கள். இறுக்கமான ஷூவுக்குள் தடியாக ஒரு சாக்ஸ் போட்டால் கால் இன்னும் வலிக்குமா, குறையுமா?

அடுத்தது வார். முன்னங்கால் முட்டிமடிப்பிலிருந்து நாலு விரல் பின்னால் விழ வேண்டும். ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்சம் இறுக்கி, நாலு அடி நடக்க விட்டு, மறுபடி இறுக்கி, ஏறிப் பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும். கட்டின பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால் அடியில் சுருண்ட தோல் நேராகும். வாருக்குள் விரல்களைத் தட்டையாக விட முடிய வேண்டும். அங்கோரா ஆட்டு மயிரில் பின்னிய வாருக்குள் காற்று போகும். நியோப்ரீன் கழுவச் சுலபம், ஆனால் சூடு தங்கும். எதுவானாலும் காய்ந்த வியர்வையும் மண்ணும் ஒட்டியிருந்தால் உப்புத்தாள்தான்.

முக்கியமான விஷயம், பொருந்தாத சேணத்தை வாரை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. மேட்டில் ஏறும்போது சேணம் பின்னால் சரிந்தால் மார்பு வாரும், இறக்கத்தில் முன்னால் வந்தால் வால் வாரும் போடலாம். அதுவும் பொருந்திய சேணத்துக்குத் துணை மட்டுமே.

ஏறுகிறவர் சமாச்சாரம் சுலபம். அங்கவடியில் எழுந்து நின்றால் இருக்கைக்கும் நமக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி. குதிரை தாங்குகிற மொத்த பாரம், சேணத்தையும் சேர்த்து, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது தோராயக் கணக்கு. 500 கிலோ குதிரைக்கு 100 கிலோ. இந்த ஊர்ச் சேணமே 15 கிலோ வரும், நான் 88. கூட்டிப் பாருங்கள். தங்கமணி சொன்னது சரியாகப் போச்சா?

சரி, என் வாதத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் கேட்டார்: "காசு கொடுக்கிறோம், இதெல்லாம் பார்க்க வேண்டியது லாயக்காரன் வேலைதானே? ஞாயிறு மட்டன் சாப்பிடுறவன் குதிரைக்கு அழலாமா?"

நான் அழவில்லை. குதிரைக்கு வலித்தால் துள்ளும், மேலே இருப்பது என் பொண்ணு. இது சுயநலக் காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் குதிரை காதை மடித்து, பல்லைக் காட்டி, தன்னால் முடிந்த பாஷையில் சொல்லிவிட்டது. என் பொண்ணுக்குக்கூடப் புரிந்தது. புரிந்தும் ஏறச் சொன்னவன் நான். "காசு கட்டியாச்சு" என்பதற்காக ஒரு வலியைப் பார்க்காமல் இருக்கலாம் என்று அவள் பிறந்தநாளில் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இந்தியாவில் 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டமே புண் உள்ள மிருகத்தை வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. பாரம் இழுக்கும், சுமக்கும் மிருகங்களுக்கான 1965 விதிகளில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரம் என்று வரம்பும் உண்டு. அப்படியானால் சின்னத் தாத்தா குற்றவாளியா? இந்தக் கேள்வி எனக்குத் தூக்கம் கெடுத்தது. நைனாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த வெள்ளையெல்லாம் புண்ணு ஆறின தழும்புன்னு உங்களுக்குத் தெரியுமா நைனா?"

"தெரியாம என்ன? ராத்திரி மஞ்சளும் எண்ணெயும் போட்டுவிடுவாரு. சாக்குல அந்த எடத்துக்கு மட்டும் ஓட்டை வெட்டி வெச்சித் தைப்பாரு. இருந்தது ஒரே குதிரை. அது நின்னா அன்னிக்கு அவரு வீட்ல அடுப்பு எரியாது. அதுக்கும் பழகிடுச்சு, அவருக்கும் பழகிடுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கு மொதல்ல கெடச்ச பூட்ஸ் உங்க பெரியப்பா போட்டது. ஒரு சைஸ் சின்னது. அதுவும் பழகிடுச்சு" என்று சிரித்தார். அவருடைய இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து வளைந்திருக்கும். அதையும் நான் பிறவி என்றே நினைத்திருந்தேன்.

பழகிப்போவதும் பொருந்துவதும் ஒன்றில்லை. சின்னத் தாத்தாவுக்கு வேறு வழி இல்லை. இல்லாத வழிக்குள் சாக்கில் ஓட்டை வெட்டினார். என் பையில் கிரெடிட் கார்டு இருந்தது, அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வந்திருந்தால் எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டோம். அதனால் அவருக்குக் கிடைக்கிற மன்னிப்பு எனக்குக் கிடையாது.

உங்கள் பிள்ளைக்கு ஹெல்மெட், பூட்ஸ் வாங்கும்போது ஆயிரம் தரம் அளவு பார்க்கிறீர்கள். லாயத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் செலவு செய்யுங்கள். "சேணம் போடுறதுக்கு முன்னாடி முதுகைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் சந்தோஷமாகக் காட்டுவார்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

போன மாசம் வேறொரு இடத்துக்குப் போனோம். வார் படுகிற இடத்தில் பச்சைப் புண். வேறு குதிரை இல்லை என்றார்கள். முன்பணம் திரும்பி வராது என்றும் சொன்னார்கள். "போலாம்ப்பா" என்றாள் பொண்ணு. வரும் வழியில் டிம் ஹார்ட்டன்ஸில் நிறுத்தி டோனட் சாப்பிட்டோம். அன்றைக்குத்தான் அவளுக்கு ஜட்காவையும் அந்த ஏழு நட்சத்திரத்தையும் பற்றிச் சொன்னேன்.