மலைமேல ஆளுங்க இருக்காங்க

கல்லூரி ஆண்டு மலர் எதையாவது எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கட்டாயம் ஒரு சுற்றுலாக் கட்டுரை இருக்கும். 'இயற்கை அன்னையின் மடியில்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. பஸ்ஸில் பாட்டுப் பாடினார்கள், அருவியில் குளித்தார்கள், மலை ஏறினார்கள், உச்சியில் நின்று 'வர்ணிக்க வார்த்தை இல்லை' என்றார்கள், இறங்கி வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். கடைசியில் அழைத்துப் போன பேராசிரியருக்கு நன்றி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடமாக இருந்தால் அந்த மலை ஆல்ப்ஸ். எங்கள் ரிஷிவந்தியம் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் கல்வராயன். தூரம்தான் வேறு, பார்க்கிற கண் ஒன்றுதான். மேகமும் அருவியும் அந்தக் கண்ணுக்குத் தெரியும். மலையில் குடியிருக்கிற ஆள் தெரிய மாட்டான். தெரிந்தாலும் போட்டோவின் ஓரத்தில் நிற்கிற 'வெள்ளந்தியான மலைவாழ் மக்கள்', அவ்வளவுதான்.

இந்தக் கண் யாருடையது? இதை நாமும் இரவல் வாங்கி மாட்டிக்கொள்ளப் போகிறோமா? தலித் மாணவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

முதலில் ஒரு கணக்கு. ரிஷிவந்தியத்திலிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம். அங்கிருந்து கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை, மேலே வெள்ளிமலை. ஒரு நாளில் போய்த் திரும்பலாம். ஆனாலும் எங்கள் காலனியில் கல்வராயன் மலையைச் 'சுற்றிப் பார்க்க' போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்ன தேதிக்கு எங்கள் உதவித்தொகை வந்து சேரவில்லை. வகுப்பே கிளம்பிப் போனது. ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகள் மட்டும் ஆளில்லாத மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டில் சொன்னபோது எங்கம்மா கேட்டது: 'மலயப் பாக்கறதுக்குத் துட்டு குடுக்கணுமா? நாத்து நட்டுக்கினே தெனம் நா பாத்துக்கினுதான கெடக்கறேன்.'

அந்தப் பேச்சில் கேலி இருக்கிறது. உண்மையும் இருக்கிறது. குனிந்த முதுகை நிமிர்த்துகிற ஒரு நிமிஷத்தில் மேற்கே நீலமாகத் தெரிகிற மலையைப் பார்ப்பது ஒரு பார்வை. காசு கட்டி, பை மாட்டி, பார்ப்பதற்கென்றே போய்ப் பார்ப்பது இன்னொரு பார்வை. இரண்டாவதற்குத்தான் 'ரசனை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நடைக்கும் இதே கதைதான். எங்க ஜனங்க போகாத ஊரா? கரும்பு வெட்ட லாரியில் ஏறிப் போன ஊர்கள், பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போன தெருக்கள், செங்கல் சூளைகள். குழந்தையை இடுப்பிலும் சட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு சுற்றாத சுற்றா? இதையெல்லாம் யாராவது பயணக் கட்டுரை என்று அச்சடித்தார்களா? மலையாளிப் பழங்குடிகள் வேலை தேடி எல்லை தாண்டுகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரக் கடத்தல்காரர்கள் என்று சொன்னார்கள். செத்தவர்களில் பலர் மலைக்கிராமத்துப் பழங்குடிகள். அவர்களும் மலை ஏறியவர்கள்தான். அதற்கு 'ட்ரெக்கிங்' என்று பேர் கிடைக்கவில்லை, குண்டுதான் கிடைத்தது.

ஆல்ப்ஸ் என்றதும் நம்மாட்களுக்கு டூயட் பாட்டு ஞாபகம் வரும். வெள்ளைப் பனி, பச்சைப் புல்வெளி, மணி கட்டின மாடு. அங்கே படப்பிடிப்பு நடத்தி நடத்தியே 2016இல் ஸ்விட்சர்லாந்தின் இன்டர்லேகனில் இந்திப்பட இயக்குநர் யஷ் சோப்ராவுக்குச் சிலை வைத்துவிட்டார்கள். அந்த மலையிலும் ஏழைகள் இருந்தார்கள். 1787இல் ஜெனீவாக்காரர் சோஸ்யூர் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறினார். அறிவியல் வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. கூட ஏறியவர்கள் 18 வழிகாட்டிகள், ஒரு வேலைக்காரன். கருவிகளைச் சுமந்தது யார் முதுகு?

அதையும் விடுங்கள். டைரோல், ஃபோரார்ல்பெர்க், கிராபுண்டன் மலைக்கிராமங்களிலிருந்து வருஷா வருஷம் பனிக்காலம் முடிகிற சமயத்தில் ஏழைக் குழந்தைகள் ஆல்ப்ஸ் கணவாய்களைக் கால்நடையாகக் கடந்து தெற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். அங்கே ராவன்ஸ்பர்க் போன்ற ஊர்களில் சந்தை கூடும். விவசாயிகள் பிள்ளைகளைப் பார்த்து, பேரம் பேசி, அறுவடைக்காலம் முடியும்வரை மாடு மேய்க்கக் கூட்டிப் போவார்கள். 'ஸ்வாபியக் குழந்தைகள்' என்று அவர்களுக்குப் பேர். 1921இல் அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி என்று ஆன பிறகுதான் இது ஓய்ந்தது. ஸ்விட்சர்லாந்துக்குள்ளேயே, ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் அநாதைகளையும் பிடித்துப் பண்ணைகளில் கூலியில்லா வேலைக்கு விட்டார்கள். அதற்கு அந்த நாட்டு அரசு 2013இல்தான் மன்னிப்புக் கேட்டது. பண்ணையடிமை என்றால் நமக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு அந்தக் கணவாய்களில் முதுகுப் பையோடு நடக்கிற மாணவர்கள் யாருடைய காலடித் தடத்தின் மேல் நடக்கிறார்கள்?

கல்வராயனுக்கு வருவோம். கரியாலூரில் படகு விடுகிறார்கள். பெரியார் அருவியில் குளிக்கலாம், மேகம் அருவிக்கு நடந்து போகலாம். எல்லாம் சரி. சுற்றுலாப் பலகையில் எழுதாதது ஒன்று இருக்கிறது. இந்த மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று வம்சங்கள். டெல்லியில் கொடி ஏறி 29 வருஷம் கழித்து, 1976இல்தான் ஜாகீர் ஆட்சி முடிந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976தான். அதுவரை மலைச் சனங்களுக்கு ஜாகீர்தாரே அரசாங்கம். இதைப் படித்துவிட்டா நம் பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் செத்தார்கள். பெரும்பாலும் தலித் கூலித் தொழிலாளிகள். உடனே பத்திரிகை, டிவி எல்லாம் கல்வராயன் மலையைக் கை காட்டின. சாராய மலையாம்! அந்தச் சாவுக்குக் காரணம் மெத்தனால். அது ரசாயன ஆலைச் சரக்கு, மலையில் ஊறல் போட்டு இறக்குவதல்ல. அதற்கப்புறம்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, மலைமக்களுக்கு ரோடு உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டது. அடிவாரத்தில் அறுபது பிணம் விழுந்தால்தான் மலைமேல் ஆள் இருப்பது தெரியுமா? ஒன்று 'எழில் கொஞ்சும் மலை', இல்லாவிட்டால் 'சாராய மலை'. இந்த இரண்டு படத்திலும் கடுக்காய் பொறுக்குகிற, சாமை விதைக்கிற, பிள்ளைத்தாச்சியை டோலி கட்டித் தூக்குகிற மனுஷிக்கு இடமில்லை. காட்டுப் பொருளைச் சேகரிப்பது அவளுக்கு 2006 வன உரிமைச் சட்டம் ஒத்துக்கொண்ட உரிமை. அதற்கு அவள் மனுப் போட்டு அலைய வேண்டும். பாட்டிலோடு வருகிறவனுக்கு 'நல்வரவு' வளைவு!

இதைச் சொன்னால் நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள்: 'சோத்துக்கே சிங்கி அடிக்கிறோம், தலித்துக்கு எதுக்குய்யா சுற்றுலா?' அவர்களுக்குப் பதில் அண்ணல் அம்பேத்கரிடம் இருக்கிறது. 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் 30 பேரோடு அவர் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். மாநாடு இல்லை, போராட்டம் இல்லை, வெறும் சுற்றுலா. வேருளில் பௌத்தக் குகைகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தோடு வந்தவர்களில் சிலர் வாசலில் இருந்த குளத்துத் தண்ணீரில் முகம் கழுவினார்கள். பின்னாலேயே ஒரு முஸ்லிம் முதியவர் கத்திக்கொண்டு வந்தார், தீண்டாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று. கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் முஸ்லிமாக மாறிவிட்டால் அப்போதும் தடுப்பீர்களா என்று கேட்டார் அம்பேத்கர். பதில் இல்லை. கடைசியில், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஆயுதம் ஏந்திய சிப்பாயைக் கூடவே அனுப்பிக் கோட்டையைக் காட்டினார்கள். அவர் எழுதி வைத்த இந்த நினைவுக் குறிப்பு, 'விசாவுக்காகக் காத்திருத்தல்', 1990இல்தான் நூலாக வந்தது.

அவர் அதை ஏன் எழுதி வைத்தார்? படிப்பு, வேலை, ஓட்டு மட்டுமல்ல, காரணமில்லாமல் ஓர் இடத்தைப் பார்த்து மகிழ்வதும் உரிமைதான். சாதி அங்கேயும் காவலுக்கு நிற்கிறது. எங்கள் அப்பனும் ஆயாளும் வேலைக்கென்றே நடந்தார்கள். சும்மா நடக்கிற நடையை அவர்களுக்கு யாரும் விட்டுவைக்கவில்லை. அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆல்ப்ஸ் ஆனாலும் கல்வராயன் ஆனாலும் தலித் பிள்ளை போகட்டும்.

ஆனால் போகிறவன் ஊர்த்தெருக்காரன் கண்ணை மாட்டிக்கொண்டு போனால் என்ன லாபம்? சேரியை வேடிக்கை பார்த்துப் படம் பிடிக்க வருகிறவனைக் கண்டால் நமக்கு எரிகிறதல்லவா? மலையாளிக் குழந்தைக்குச் சாக்லெட் வீசிவிட்டு செல்பி எடுக்கிற தலித் மாணவனைக் கண்டால் அவளுக்கும் அப்படித்தான் எரியும்.

இன்னொரு சிக்கலையும் மறைக்க வேண்டாம். மலையாளிகளிடம் ஒரு கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர்களாம் அவர்கள். பெயருக்குப் பின்னால் கவுண்டன் பட்டமும் உண்டு. அட்டவணையில் பழங்குடி, பழங்கதையில் வேளாளர். மலை ஏறினாலும் சாதி விட்டபாடில்லை. அதற்காக அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அவர்களுக்கு ரோடு கேட்கும்போது நாம் கூட நிற்போம். நம் கையில் தண்ணி வாங்கிக் குடிப்பாயா என்று கேட்கவும் கேட்போம். இரண்டையும் ஒரே வாயால் கேட்கிற தைரியம் வேண்டும்.

2018 மார்ச் 11இல் தேனி குரங்கணி மலையில் மலையேற்றம் போன குழு காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் செத்தார்கள். படித்த, வேலை பார்த்த இளம்பிள்ளைகள். அந்தச் சாவு நமக்கும் துக்கம்தான். அன்றைக்குத் தீக்குள் ஓடிப்போய், போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தவர்களில் அந்த வட்டாரத்துச் சனங்கள் இருந்தார்கள். அவர்கள் பேர் நமக்குத் தெரியுமா? இப்போது அரசே 2024இல் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பாதையில் யார் வரலாம், எத்தனை பேர், வசூலில் ஊருக்கு எவ்வளவு என்று முடிவு பண்ணுகிற இடத்தில் அந்த இளைஞன் உட்காருகிறானா, இல்லை முன்னால் நடக்கிற கூலிதானா?

கல்லூரிகளிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். சுற்றுலாப் பணத்துக்காக ஒரு தலித், பழங்குடிப் பிள்ளையும் விடுதியில் தங்கிவிடக் கூடாது. செலவைக் கல்லூரி கட்டட்டும். மலைக்குப் போகுமுன் அந்த மலையின் வரலாற்றை ஒரு நாள் வகுப்பில் பேசட்டும், மலையாளி ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவிட்டு, பேசியவருக்குக் கூலி கொடுத்து. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குள் கேமராவோடு நுழையக் கூடாது. இது எதுவும் நடக்காமல் கிளம்புகிற பஸ்ஸை மறித்துக் கேள்வி கேளுங்கள்.

தலித் மாணவர்களே, நீங்களும் மலை ஏறுங்கள். அருவியில் குளியுங்கள், கும்மாளம் போடுங்கள், யாரிடமும் அனுமதி கேட்ட முகத்தோடு நிற்காதீர்கள். திரும்பி வந்து ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுங்கள். அதில் மேகத்தைப் பற்றி நாலு வரி போதும். டோலி தூக்கினவன் தோளைப் பற்றி, நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் பற்றி, உங்களுக்குச் செம்பில் தண்ணி கொடுத்தார்களா, கையில் ஊற்றினார்களா என்பதைப் பற்றி எழுதுங்கள். 'பக்கம் போதாது' என்று வெட்ட வந்தால், மேகத்தை வெட்டச் சொல்லுங்கள்.